கடல் இன்ஜினியர் ஆகணும்னா எங்க ஆரம்பிக்கணும்? பிளஸ் டூ முடிச்சவங்களுக்கும், சிவில் மெக்கானிக்கல் முடிச்சவங்களுக்கும்

ஓஷன் இன்ஜினியரிங் படிக்கணும், எங்க படிக்கலாம், வேலை கிடைக்குமான்னு மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது கேட்டுடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு, தெரிஞ்சதை ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். நான் சிவில் படிச்சு, துறைமுக சைட்ல சில வருஷம் வேலை பார்த்துட்டு, அப்புறம் எம்டெக் பண்ணி இந்தப் பக்கம் வந்தவன், அதனால கல்லு, கரை, அலைன்னு பேச்சு அந்தப் பக்கமே கொஞ்சம் அதிகம் போகும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன், ஏன்னா இதுல தப்பா சேர்ந்து நாலு வருஷம் போனவங்களை எனக்குத் தெரியும். மரைன் இன்ஜினியரிங் வேற. அது கப்பலோட இன்ஜின் ரூமைப் பார்த்துக்கிற வேலை, மாசக்கணக்குல கடல்ல இருக்கணும், அதுக்கு மெடிக்கல், சிடிசிங்கிற கப்பல் ஊழியர் புத்தகம் எல்லாம் வேணும். நேவல் ஆர்க்கிடெக்சர்னா கப்பலையே டிசைன் பண்றது. ஓஷனோகிராஃபி சயின்ஸ், கடல் எப்படி இயங்குதுன்னு படிக்கிறது. ஓஷன் இன்ஜினியரிங்கிறது கடல்ல எதையாவது கட்டணும், நிறுத்தணும், இறக்கணும், மிதக்க விடணும்னா அதுக்கான கணக்கும் வேலையும். தூண்டில் வளைவு (கரை அரிக்காம இருக்க கடலுக்குள்ள நீட்டுற கல் சுவர்), பிரேக்வாட்டர் (துறைமுகத்துக்குள்ள அலை வராம தடுக்குற கல் சுவர்), ஜெட்டி, எண்ணெய் எடுக்குற பிளாட்ஃபார்ம், கடலடி பைப்லைன், சுனாமி மிதவை, ஆழ்கடல் வண்டி, காத்தாலை அஸ்திவாரம் எல்லாம் இதுல வரும். வீட்டுல "கப்பல்ல போய்டுவானா"ன்னு பயந்தாங்கன்னா இதைச் சொல்லுங்க, பெரும்பாலானவங்களுக்கு ஆபீஸ், லேப், சைட்டுதான், ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்.

இப்போ பிளஸ் டூ பசங்களுக்கு. நேரா இந்தப் பேர்லயே டிகிரி வேணும்னா இடங்கள் கம்மி. ஐஐடி மெட்ராஸ், ஐஐடி கரக்பூர் ரெண்டுலயும் பிடெக் இருக்கு, ஓஷன் இன்ஜினியரிங்கையும் நேவல் ஆர்க்கிடெக்சரையும் சேர்த்தே சொல்லித் தர்றாங்க, ஜேஇஇ அட்வான்ஸ்ட் வழியா போகணும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆகுற ரேங்கை விட ரொம்பப் பின்னாடி இருந்தாலே கிடைக்கும். விசாகப்பட்டினத்துல இந்தியன் மேரிடைம் யூனிவர்சிட்டி கேம்பஸ் இருக்கு, அதுக்கு ஐஎம்யூ சிஇடி எழுதணும். கொச்சி குசாட்ல நேவல் ஆர்க்கிடெக்சர் அண்ட் ஷிப் பில்டிங், அதுக்கு அவங்களோட தனி என்ட்ரன்ஸ். ஈசிஆர்ல கானத்தூர் பக்கம் அமெட் இருக்கு, அது பிரைவேட், ஃபீஸை விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

ஆனா இதுல எதுவுமே கிடைக்கலன்னா மனசு உடைய வேண்டாம், இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லல, இந்தத் துறையில வேலை செய்றவங்கள்ல நிறைய பேரு பதினேழு வயசுல "ஓஷன்"னு சீட்டு வாங்குனவங்களே இல்ல. நல்லா சிவில் படிச்சவங்க, நல்லா மெக்கானிக்கல் படிச்சவங்க, எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க, அதைக் கடலுக்குக் கொண்டு வந்தவங்க. ஒரு உதாரணம் சொல்றேன். லட்சத்தீவு கவரத்தியில 2005ல என்ஐஓடி, அதாவது சென்னையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஒரு குடிதண்ணி பிளான்ட் வெச்சாங்க, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். கடல் மேல்பரப்பு தண்ணி 28 டிகிரி இருக்கும், 350 மீட்டர் ஆழத்துல இருந்து பைப் போட்டு எடுக்குற தண்ணி 12, 13 டிகிரிதான் இருக்கும். மேல் தண்ணியை வேக்குவம் சேம்பர்ல விட்டா அந்தக் குறைஞ்ச பிரஷர்ல அது அடுப்பே இல்லாம ஆவியாகும், ஆழத்துத் தண்ணியோட குளிர்ச்சியில அந்த ஆவி திரும்ப நல்ல தண்ணியாகும். தத்துவம் பத்தாம் கிளாஸ் சயின்ஸ் மாதிரி இருக்கும். ஆனா அந்தக் குளிர் தண்ணியை மேல கொண்டு வர்ற பைப்பை அலைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவுல அறுந்து போகாம தொங்க விடணும், பம்ப் வைக்கணும், வேக்குவம் பிடிக்கணும், உப்புக்காத்துல எலக்ட்ரிகல் பேனலைக் காப்பாத்தணும். அந்த ஒரு பிளான்ட்டுக்குள்ள எத்தனை பிராஞ்சுக்கு வேலை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

அதனால கவுன்சிலிங்ல நல்ல காலேஜ்ல சிவில் கிடைக்குது, மெக்கானிக்கல் கிடைக்குதுன்னா தைரியமா எடுங்க. சிவில்காரங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், சாயில் மூணையும் விடக் கூடாது. மெக்கானிக்கல்னா வைப்ரேஷன், ஃபடீக், ஃப்ளூயிட்ஸ். ஈசிஈ ஆளுங்க கன்ட்ரோல், சிக்னல் பிராசஸிங், அதுலயும் சோனார் பக்கம் போகணும்னா அக்கூஸ்டிக்ஸ், ஏன்னா தண்ணிக்குள்ள ரேடியோ அலை போகாது, சத்தம் மட்டும்தான் தூரம் போகும். மேத்ஸ்ல டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் ஃபூரியரும் எல்லாருக்கும் வேணும், இதுக்குத் தப்பிக்க வழி இல்ல.

அப்புறம் எம்டெக் சேர்றதுக்கான கேட் தேர்வு எழுதுங்க. 2022ல இருந்து நேவல் ஆர்க்கிடெக்சர் அண்ட் மரைன் இன்ஜினியரிங்னு தனி பேப்பரே இருக்கு, ஆனா உங்க சிவில் பேப்பர்லயோ மெக் பேப்பர்லயோ ஸ்கோர் வெச்சே ஓஷன் எம்டெக் போகலாம். ஐஐடி மெட்ராஸ்ல 1977ல ஓஷன் இன்ஜினியரிங் சென்டரா ஆரம்பிச்சு இன்னிக்கு பெரிய டிபார்ட்மென்ட்டா இருக்கு, கரக்பூர் இருக்கு, சூரத்கல் என்ஐடியில மரைன் ஸ்ட்ரக்சர்ஸ் இருக்கு. கேட் வழியா சேர்ந்தா மாசம் 12,400 ரூபா ஸ்டைபண்ட் வரும், வீட்டுல காசு கேக்க முடியாதவங்களுக்கு அது பெரிய விஷயம், எனக்கு மெஸ் பில்லும் ஊருக்குப் போற டிக்கெட்டும் அதுலதான் ஓடுச்சு.

சரி, படிப்பை விட முக்கியமான ஒண்ணு. அலையைப் படிங்க. இந்தத் துறைக்கு வர்ற பாதிப்பேரு சாஃப்ட்வேர்ல அலை உயரம்னு இருக்குற பாக்ஸ்ல நம்பரைப் போட்டுட்டு ரன் குடுக்குறாங்க, அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா தெரியாது. நீங்க அப்படி இருக்காதீங்க. ஒரு நாள் காலையில பீச்சுக்குப் போங்க, மெரினாவோ திருச்செந்தூரோ நாகப்பட்டினமோ எதுவா இருந்தாலும் சரி, கொஞ்சம் தள்ளி ஆடுற ஒரு மிதவையையோ நங்கூரம் போட்ட ஃபைபர் போட்டையோ பார்த்து வெச்சுக்கோங்க. அது ஒரு தடவை மேல வரும்போது போன்ல ஸ்டாப்வாட்ச் தட்டுங்க, அதுக்கப்புறம் பத்து தடவை மேல வந்ததும் நிறுத்துங்க, வந்த நேரத்தைப் பத்தால வகுத்தா அலையோட பீரியட். 80 செகண்ட்னா பீரியட் 8 செகண்ட். அதை 8 தடவை 8னு பெருக்கி 1.56ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 100 மீட்டர், ஆழ்கடல்ல அந்த அலையோட நீளம் அதுதான். பீரியட் 14 செகண்ட்னு வந்தா நீளம் 300 மீட்டரைத் தாண்டும். அலை தன்னோட நீளத்துல பாதி ஆழம் வரைக்கும் தண்ணியை அசைக்கும், அப்போ 8 செகண்ட் அலை 50 மீட்டர் ஆழத்துல தரையைத் தொடும், 14 செகண்ட் அலை 150 மீட்டர் ஆழத்துலயே தொட ஆரம்பிச்சுடும். பார்க்குறதுக்கு ரெண்டும் ஒரே உயரமா இருக்கலாம், ஆனா கரையில வந்து செய்யுற வேலை வேற வேற.

இது எனக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு சொல்றேன். சைட்ல சேர்ந்த ரெண்டாவது வருஷம், கிழக்குக் கரையில ஒரு பிரேக்வாட்டர் வேலை. நடுவுல சின்னக் கல்லு, கோர்னு சொல்லுவோம், அதை டிப்பர்ல கொண்டு வந்து கொட்டிக் கொட்டி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டே போகணும், பின்னாடியே அதுக்கு மேல ஃபில்டர் கல்லு, அதுக்கும் மேல பல டன் எடையில ஆர்மர், பாறையோ டெட்ராபாட்ங்கிற நாலு கால் கான்கிரீட் கட்டையோ, கிரேன்ல தூக்கி ஒண்ணொண்ணா அடுக்கணும். முன்னால போற கோருக்கும் பின்னால வர்ற ஆர்மருக்கும் நடுவுல இடைவெளி விடக் கூடாது, ஏன்னா கோர் தனியா கிடந்தா அது வெறும் கல்லுக் குவியல்தான். அந்த வாரம் கிரேன் ரிப்பேர், மாசக் கடைசியில பில்லு போடணும், அதனால கோர் மட்டும் கொட்டிக்கிட்டே போனோம், 40 மீட்டர் கிட்ட திறந்து கிடந்துச்சு. சர்வே போட் ஓட்டுற பெரியவர் சாயங்காலம் கரைக்கு வரும்போது "தம்பி, நீவாடு திரும்பிருச்சு, கடலு அடியில இருந்து தூக்குது, இன்னிக்கி ராவு பாத்து இருங்க"ன்னாரு. நீவாடுன்னா நீரோட்டம். காத்தே இல்ல, வானம் வெளுத்துக் கிடந்துச்சு. நான் ஃபோர்காஸ்ட்ல காத்து வேகத்தை மட்டும் பார்த்துட்டு சரிங்க ஐயான்னு ரூமுக்குப் போய்ட்டேன். காலையில வந்து பார்த்தா அந்த 40 மீட்டர் தண்ணிக்கு மேல இல்ல. கல்லு எல்லாம் ரெண்டு பக்கமும் பரவிக் கிடக்குது, டிப்பர் போன ரோடு அப்படியே அறுந்து நிக்குது. எங்கயோ தூரத்துல அடிச்ச புயல்ல கிளம்பி வந்த அலை, ஸ்வெல்னு சொல்லுவோம், உயரம் ஒண்ணும் பயமுறுத்துற உயரம் இல்ல, ஆனா பீரியட் நீளம். அன்னிக்கு ராத்திரி அந்த முனையில யாரும் நிக்கல, அதுக்கு இன்னிக்கும் கடவுளுக்கு நன்றி சொல்றேன்.

கேரளாலயும் கன்னியாகுமரி பக்கமும் கள்ளக்கடல்னு சொல்றது இந்த மாதிரி ஸ்வெல்தான், இந்துமகா சமுத்திரத்தோட தெற்குக் கோடியில கிளம்பி சில நாள் பயணம் பண்ணி வந்து காத்தே இல்லாத நாள்ல கரையை ஏறும். ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசோட கடல் தகவல் மையம் இதுக்கு முன்னறிவிப்பு குடுக்குறாங்க, அவங்க சைட்ல அலை உயரம், பீரியட், திசை மூணுமே இலவசமா பார்க்கலாம். தினமும் பார்த்துட்டு கரைக்குப் போய் கண்ணால ஒத்துப் பாருங்க. மீனவர் வீட்டுப் பசங்க இதைப் படிக்கிறீங்கன்னா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வாடை, கொண்டல், கச்சான், நீவாடுன்னு அப்பாவும் தாத்தாவும் பேசுறதைக் கேட்டு வளர்ந்தது சும்மா இல்ல, நாங்க எம்டெக்ல வேவ் கிளைமேட்னு படிக்கிறதுல பாதி அதுதான். அதை இன்ஜினியரிங்கோட சேர்க்குற ஆளு இந்தத் துறைக்கு ரொம்பத் தேவை.

அதே மாதிரி கரை எப்படி நகருதுங்கிறதையும் கண்ணால பார்த்துப் பழகணும். நம்ம கிழக்குக் கரையில வருஷத்துக் கணக்குப் பார்த்தா மணல் தெக்க இருந்து வடக்க போய்க்கிட்டே இருக்கு. குறுக்க எதையாவது கட்டினா தெக்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டின பிறகுதான் மெரினா இவ்ளோ அகலமாச்சு, அதே காரணத்தால ராயபுரம் பக்கம் கரை போச்சு. பாண்டிச்சேரியிலயும் 1980கள்ல துறைமுகம் வந்த பிறகு ஊர் முன்னாடி இருந்த மணல் போய் வெறும் கல்லா நின்னுச்சு, அப்புறம் என்ஐஓடி தண்ணிக்குள்ள ஒரு ரீஃப் மாதிரி அமைப்பு இறக்கி மணலைத் திரும்பப் பிடிச்சாங்க. ஒரு ஊருக்கு தூண்டில் வளைவு போட்டா அடுத்த ஊரு என்னாகும்னு கேக்காத டிசைன் எனக்குப் பிடிக்காது. தரங்கம்பாடிக்குப் போயிருக்கீங்களா, மாசிலாமணிநாதர் கோயில்ல கடல் எடுத்துட்டுப் போனது போக மிச்சம்தான் நிக்குது. படிக்கிற காலத்துல ஒரு தடவையாவது அங்க போய் நின்னு பாருங்க.

லேப் பத்தியும் கொஞ்சம். எம்டெக் சேர்ந்தா வேவ் ஃப்ளூம் இருக்குற இடமா பார்த்து சேருங்க, சாஃப்ட்வேர் எங்கயும் கத்துக்கலாம், ஃப்ளூம் எல்லா இடத்துலயும் கிடைக்காது. நீளமான கண்ணாடித் தொட்டி, ஒரு முனையில பேடில் தள்ளி அலை உண்டாக்கும், மறுமுனையில நம்ம பிரேக்வாட்டரோட குட்டி மாடல். 36ல ஒரு பங்கு அளவுல செய்றோம்னு வெச்சுக்கோங்க, 6 மீட்டர் அலை தொட்டியில 17 சென்டிமீட்டர் கூட வராது, 12 செகண்ட் பீரியட் 2 செகண்ட் ஆகிடும், ஏன்னா நேரம் வர்க்கமூலத்துல குறையும், எடை அளவோட மூணாவது அடுக்குல குறையும், 8 டன் கல்லுக்கு பதிலா கையில சுமார் 170 கிராம் கல்லு. கல்லையெல்லாம் வரிசை வரிசையா வேற வேற கலர் பெயின்ட் அடிச்சு அடுக்குவோம், சிவப்பு, மஞ்சள், நீலம்னு. தொட்டியில ஒரு மணி நேரம் அலை விட்டா நிஜத்துல 6 மணி நேரப் புயல். நிறுத்திட்டுப் பார்த்தா மஞ்சள் வரிசையில ரெண்டு சிவப்பு கிடக்கும், எத்தனை நகர்ந்துச்சுன்னு எண்ணுவோம், அதுதான் டேமேஜ். பெயின்ட் நாத்தம், ஈரக் கையி, முதுகு வலி, ஆனா ஒரு கல்லு முதல்ல லேசா ஆடி, ஆடி, பத்தாவது அலையில கழண்டு உருளுறதைக் கண்ணால பார்த்தவன் வாழ்க்கையில ஆர்மர் எடையைக் குறைச்சுப் போட மாட்டான். அலை உயரம் 4ல இருந்து 5 மீட்டர் ஆனா கல்லோட எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகணும், ஏன்னா எடை உயரத்தோட மூணாவது அடுக்குல ஏறும்.

சாஃப்ட்வேர்னு கேட்டா, அலை, நீரோட்டக் கணக்குக்கு ஸ்வான், டெல்ஃப்ட்3டி, ஓப்பன்ஃபோம் இதெல்லாம் காசு குடுக்காம கிடைக்கும், பைத்தான் கண்டிப்பா வேணும். ஆஃப்ஷோர், அதாவது கரையை விட்டுத் தள்ளிக் கடல்ல நிக்கிற அமைப்புகளை டிசைன் பண்ற கம்பெனிகள்ல சாக்ஸ், ஆர்காஃப்ளெக்ஸ், மோசஸ் கேப்பாங்க, அது சேர்ந்த பிறகும் கத்துக்கலாம். பத்து சாஃப்ட்வேர் பேரை ரெஸ்யூமேல போடுறதை விட ஒண்ணுல ஒரு முழு ப்ராஜெக்ட் பண்ணிக் காட்டுங்க. என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல ஐஐடி மெட்ராஸ் ஆசிரியர்கள் எடுத்த கோஸ்டல், ஆஃப்ஷோர் பாடங்கள் நிறைய இருக்கு, சும்மாவே பார்க்கலாம், எக்ஸாம் எழுதி சர்டிஃபிகேட் வாங்கினா இன்டர்வியூல பேச ஒரு பிடி கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ், மெக் பசங்க ஒரு டீம் சேர்ந்து பிவிசி பைப்ல ஒரு சின்ன ஆர்ஓவி, அதாவது மேல இருந்து ஒயர் வழியா ஓட்டுற தண்ணிக்குள்ள போற வண்டி, பண்ணிப் பாருங்க. பத்து மீட்டர் இறங்கினாலே ஒரு பார் பிரஷர் கூடும், ஒயர் உள்ள போற ஓட்டையிலதான் முதல் தண்ணி வரும், அந்த ஒரு ஓட்டையை அடைக்கிறதுக்கு நீங்க படுற பாடு நாலு செமஸ்டர் பாடத்துக்குச் சமம். சிங்கப்பூர்ல எஸ்ஏயூவிசின்னு மாணவர்களுக்கு தண்ணிக்குள்ள போற தானியங்கி வண்டிப் போட்டி நடக்குது, அதைக் குறி வெச்சுப் பண்ணலாம். இதோட பெரிய அண்ணன்தான் என்ஐஓடி பண்ற மத்ஸ்யா 6000. மூணு பேரு உள்ள உட்கார்ந்து 6000 மீட்டர் இறங்குறதுக்காக 2.1 மீட்டர் குறுக்களவுல 80 மில்லிமீட்டர் தடிமன் டைட்டானியம் உருண்டை, அந்த ஆழத்துல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்லயும் கிட்டத்தட்ட 600 கிலோ அமுக்கும்.

வேலை எங்க இருக்கும்? சென்னை ஆளுங்களுக்கு ஒரு வசதி, பள்ளிக்கரணையிலயே என்ஐஓடி இருக்கு, கடலோர ஆராய்ச்சிக்கான என்சிசிஆர் இருக்கு, காத்தாலைக்கான நிவே இருக்கு. இங்கெல்லாம் ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட் மாதிரி கான்ட்ராக்ட் வேலைக்கு அப்பப்போ விளம்பரம் வரும், நிரந்தரம் இல்லன்னு ஒதுக்காதீங்க, கப்பல்ல போய் மிதவை இறக்குற அனுபவம் வேற எங்கயும் கிடைக்காது. புனேல சிடபிள்யூபிஆர்எஸ்ங்கிற மத்திய நீர் ஆராய்ச்சி நிலையம், டிஃபென்ஸ் பக்கம் விசாகப்பட்டினத்துல என்எஸ்டிஎல், கொச்சியில என்பிஓஎல், நேவியில நேவல் கன்ஸ்ட்ரக்டர் என்ட்ரி. ஓஎன்ஜிசி, இன்ஜினியர்ஸ் இந்தியா, எல் அண்ட் டி, கொச்சின் ஷிப்யார்ட், மசகான் டாக், ஐஆர்எஸ் மாதிரி கப்பலைச் சோதிச்சு தரச் சான்று குடுக்குற கிளாஸ் சொசைட்டி. துறைமுகப் பக்கம் இப்போ வேலை நல்லாவே இருக்கு, கேரளால விழிஞ்ஞம் 2025 மே மாசம் திறந்தாச்சு, மகாராஷ்டிரால வாத்வன் வரப் போகுது. ஆஃப்ஷோர் காத்தாலைக்கு 2024 ஜூன்ல மத்திய அரசு 7,453 கோடி ரூபா திட்டம் ஒப்புதல் குடுத்தாங்க, குஜராத் கடல்ல 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடல்ல 500 மெகாவாட். அது எந்த வேகத்துல நடக்கும்ங்கிறதை வெச்சு உங்க படிப்பை முடிவு பண்ணாதீங்க, ஆனா அஸ்திவாரம், கேபிள் பக்கம் கத்து வெச்சா வீணாகாது.

சம்பளம் பத்தி நேராவே சொல்லிடுறேன். ஆரம்பத்துல ஐடிக்குப் போன ஃப்ரெண்டு உங்களை விட அதிகம் வாங்குவான், அது ஒரு நாலஞ்சு வருஷம் உறுத்தும். அனுபவம் ஏற ஏற நிலைமை மாறும், ஏன்னா இந்த வேலை தெரிஞ்ச ஆளு கம்மி. வீட்டுல உடனே காசு தேவைன்னா ஆஃப்ஷோர் டிசைன் கம்பெனி பக்கம் போங்க, அரசு ஆராய்ச்சி அப்புறமும் இருக்கும்.

பிளாட்ஃபார்முக்குப் போற வேலைன்னா ஹூவெட்னு ஒரு ட்ரெயினிங் முடிக்கணும். ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டுல உட்கார வெச்சு, பெல்ட் போட்டு, நீச்சல் குளத்துல முக்கித் தலைகீழா திருப்பிடுவாங்க, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால ஜன்னலைப் பிடிச்சு, இன்னொரு கையால பெல்ட்டைக் கழட்டி வெளிய வரணும். அதனால நீச்சல் இப்பவே கத்துக்கோங்க, பொண்ணுங்களும்தான். சைட்ல பொண்ணுங்களுக்கு டாய்லெட்டும் ரூமும் சரியா இல்லாத இடம் இன்னும் இருக்கு, சேருறதுக்கு முன்னாடியே கேளுங்க, கேக்குறது உங்க உரிமை.

வெளிநாடுன்னா நெதர்லாந்து டெல்ஃப்ட், நார்வே ட்ரான்ஹைம், சிங்கப்பூர் என்யூஎஸ், அமெரிக்கால டெக்சாஸ் ஏ அண்ட் எம், இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன். நார்வே ஃப்ரீன்னு இன்னும் சில பேரு சொல்லிக்கிட்டு இருக்காங்க, 2023ல இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து போறவங்களுக்கு ஃபீஸ் உண்டு. எராஸ்மஸ்னு ஒரு ஐரோப்பிய ஸ்காலர்ஷிப் திட்டம் இருக்கு, அது கிடைச்சா ரெண்டு மூணு நாட்டு யூனிவர்சிட்டியில மாஸ்டர்ஸ் படிக்கலாம். லோன் வாங்கிப் போறதுன்னா ரெண்டு வருஷம் இங்க வேலை பார்த்துட்டுப் போறது நல்லதுன்னு நினைக்கிறேன்.

கடைசியா இன்டர்வியூ. நான் உட்கார்ந்த பேனல்ல எல்லாம் முதல் கேள்வி ஒண்ணுதான். "இந்த இடத்துல அலை 4 மீட்டர்னு ரிப்போர்ட்ல இருக்கு, எது 4 மீட்டர்?" சராசரின்னு சொல்லுவாங்க, அதிகபட்சம்னு சொல்லுவாங்க, ரெண்டும் இல்ல. வர்ற அலைகளை உயர வரிசையில அடுக்கி, மேல இருக்குற மூணுல ஒரு பங்கை மட்டும் எடுத்து சராசரி பார்த்தா அது 4 மீட்டர், சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட்னு பேரு. அதே புயல்ல ஒரு தனி அலை கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு உயரத்துல வந்து நிக்கும். அப்போ பிளாட்ஃபார்மோட டெக்கை, அதாவது மேல்தளத்தை, எந்த உயரத்துல வைப்பேன்னு அடுத்த கேள்வி வரும், பேனாவை எடுத்து படம் போட்டே பதில் சொல்லுங்க, டைடு, ஸ்டார்ம் சர்ஜ் (புயல்ல கடல் மட்டம் ஏறுறது), அந்தப் பெரிய அலையோட முகடு, அதுக்கு மேல ஒரு இடைவெளின்னு ஒண்ணு மேல ஒண்ணா.